வாட்டர்புரூஃப் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு: ஒன்பதில் மூன்று போய்விட்டது, எங்கே தப்பு?

டிரெய்லர்வாசி:
வணக்கம். டிராக்டர் டிரெய்லரின் பின்பக்க விளக்கு வயரிங்கை நானே புதிதாகப் போட்டேன். 12 வோல்ட். டாய்ச் டிடி வகைக் கனெக்டர் மொத்தம் 9. எட்டு 2-பின், ஒன்று 3-பின். நான்கு மாதம்கூட ஆகவில்லை, மூன்று போய்விட்டன. பிரேக் லைட் விட்டு விட்டு எரிகிறது. ரிவர்ஸ் லைட் எரியவே இல்லை. இரண்டு ஒர்க் லைட்டுக்கும் கரண்ட் போகும் கனெக்டர் லேசாகப் பழுத்து பழுப்பாகிவிட்டது, விளக்கும் மங்கல். கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு.

வண்டியை வாரம் ஒரு தடவை பிரஷர் வாஷரில் கழுவுவேன். சேற்றிலும் இறங்கும். ஆனால் இது தண்ணீருக்குள்ளேயே தாங்கும் கனெக்டர் என்றுதானே சொல்கிறார்கள்? மட்டமான சரக்கு என்று தூக்கிப் போட்டுவிடலாமா, இல்லை நான் மாட்டியதில்தான் கோளாறா?

பழைய_ஸ்பேனர்:
சரக்கைத் திட்டும் முன் நாலு கேள்வி தம்பி. வயரின் வெளிவிட்டம் எவ்வளவு? செம்பின் தடிமன் கேட்கவில்லை, மேல்தோலோடு சேர்த்து. பின்னை வயரில் அழுத்திப் பிடிக்க வைக்கிறோமே, அந்தக் கிரிம்ப்பை எந்தக் கருவியால் செய்தீர்கள்? பின் கெட்டியான உருளை வகையா, தகட்டை மடித்துச் செய்த இறக்கை வகையா? களிம்பு பின்னின் நுனியில் இருக்கிறதா, வயர் நுழையும் பின்பக்கத்திலா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். இரண்டு பாதியும் சேரும் முன்பக்க ரப்பர் வளையம் அவ்வளவு சுலபமாகத் தோற்காது. தண்ணீர் பெரும்பாலும் வருவது முதுகு வழியாகத்தான்.

மழைநாள்:
இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? பின்பக்கம் பூராவும் சிலிக்கான் சீலன்ட்டைப் பிதுக்கி அடைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய_ஸ்பேனர்:
வேண்டாங்க. சாதாரணமாகக் கிடைக்கும் சிலிக்கானில் வினிகர் வாடை வருமே, அது அசிட்டிக் அமிலம். காயும்போது வெளியேறி செம்பைத்தான் தின்னும். களிம்பைத் தடுக்கப் போய் களிம்புக்கே தீனி போட்ட மாதிரி ஆகும். வாடை இல்லாத வகையைப் போட்டாலும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைத்ததுதான் மிச்சம். அப்புறம் ஒரு பின்னை மாற்ற வேண்டும் என்றால் அந்தக் கனெக்டர் குப்பைக்கு.

டிரெய்லர்வாசி:
மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். களிம்பு மூன்றிலும் பின்பக்கம்தான். நுனி கிட்டத்தட்ட பளபளப்பாகவே இருக்கிறது. அண்ணே, நீங்கள் சொன்னது சரி.

வயர் 1 சதுர மி.மீ., வண்டிகளுக்கென்று வரும் மெல்லிய தோல் வகை. வெர்னியரில் பிடித்தால் வெளிவிட்டம் 1.9 மி.மீ. பின் இறக்கை வகை. கிரிம்ப் செய்தது வயர் முனையில் மாட்டும் சிவப்பு, நீலம், மஞ்சள் லக்கை அழுத்தும் பிளையரால். இன்னொன்று, அந்த 3-பின் ரிவர்ஸ் லைட்டுக்கு. அதில் இரண்டு வயர்தான் போட்டேன், மூன்றாவது ஓட்டை சும்மா இருக்கிறது.

கிரிம்ப்_பித்தன்:
அப்படியானால் மூன்று தப்பு இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மூன்றாவது ஓட்டையில் ஆரம்பிப்போம், அது சின்ன விஷயம். வயர் போகாத துளையில் அடைப்பான் செருக வேண்டும். இதற்கென்றே சிறிய பிளாஸ்டிக் குச்சி வருகிறது. அது இல்லாவிட்டால் அந்த ஹவுசிங், அதாவது கனெக்டரின் கூடு, பிரஷர் வாஷருக்குத் திறந்த வாசல். ரிவர்ஸ் லைட் எரியாததற்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

இரண்டாவது தப்பு, வயர். டிடியின் முதுகில் இருக்கும் சிலிக்கான் ரப்பர் வயரின் மேல்தோலை இறுக்கிப் பிடித்தால்தான் அது சீல். சாதாரண ஹவுசிங்கின் ரப்பர் 2.23 மி.மீ. முதல் 3.68 மி.மீ. வரை உள்ள வயருக்காகச் செய்தது. உங்களுடையது 1.9. அதாவது பிடிப்பே இல்லை; கண்ணுக்கு நிறைந்தாற்போலத் தெரியும், தண்ணீருக்குத் தெரியாதா? மெல்லிய வயருக்கென்று 1.35 முதல் 3.05 மி.மீ. வரை பிடிக்கும் ஹவுசிங் தனியாக உண்டு. 1.5 சதுர மி.மீ. மெல்லிய தோல் வயரும் சரியாக எல்லைக் கோட்டில்தான் வந்து நிற்கும், அதனால் அளக்காமல் வாங்காதீர்கள். உறையோடு வரும் இரட்டை வயரை அப்படியே செருகுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வேலைக்கு ஆகாது. உறையை உரித்து, ஒரு துளைக்கு ஒரு உருண்டை வயர்.

மூன்றாவது தப்பு கிரிம்ப், அதுதான் என் பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். லக் பிளையர் இறக்கையை நசுக்கும், மடிக்காது. சரியான கிரிம்பில் இரண்டு இறக்கையும் உள்பக்கமாகச் சுருண்டு இழைகளுக்கு நடுவே இறங்க வேண்டும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்து பி படுத்திருப்பது போல இருக்கும். முன்ஜோடி இறக்கை செம்பை மட்டும் பிடிக்கும், பின்ஜோடி தோலை மட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தோல் முடிவதும் செம்பு தொடங்குவதும் ஒருசேரத் தெரிய வேண்டும். நசுங்கிய கிரிம்பில் இழைகளுக்கு நடுவே காற்று நிற்கும், ஈரம் வரும், தடை ஏறும். இன்னொரு கெடுதல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: நசுங்கிய கிரிம்ப் பக்கவாட்டில் அகலமாகிவிடும், ஓரம் பிசிறு தட்டும். அதை ரப்பர் துளைக்குள் தள்ளும்போது ரப்பரையே கீறிக்கொண்டு போகும். நல்ல வயர், நல்ல ஹவுசிங், மாட்டிய அன்றே கிழிந்த சீல்.

உருளை வகைப் பின்னுக்கு நாலு பக்கமும் குத்தி அழுத்தும் தனிக் கருவி வேண்டும். அந்தப் பின்னில் சிறு துளை ஒன்று இருக்கும். அதன் வழியே செம்பிழை தெரிந்தால் வயர் அடிவரை போயிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இந்த வகைதான் பிடிக்கும், ஏமாற்றாது.

மழைநாள்:
கிரிம்ப்பின் மேல் கொஞ்சம் ஈயம் விட்டுவிட்டால் பிரச்சினையே இல்லையே?

கிரிம்ப்_பித்தன்:
மேஜையில் உட்காரும் சாமானுக்குச் சரி. வண்டியில் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஊர்ந்து போய் வயரைக் கம்பியாக்கிவிடும். அது எங்கே நிற்கிறதோ, அதிர்வில் அங்கேதான் ஒடியும். அதுவும் தோலுக்குள்ளே ஒடியும், தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

பழைய_ஸ்பேனர்:
ஒர்க் லைட் கனெக்டரில் மட்டும் ஒரு சோதனை செய்து பாருங்கள் தம்பி. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, பாசிட்டிவ் வயரில் கனெக்டருக்கு முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு முனை. எப்படியும் வெட்டி எறியப் போகிற கனெக்டர் என்பதால் ஊசியால் தோலைக் குத்தலாம். நன்றாக இருக்கும் வயரில் இதைச் செய்துவிடாதீர்கள். குத்திய ஓட்டை தண்ணீருக்கு நீங்கள் போட்டுக்கொடுத்த வழி.

டிரெய்லர்வாசி:
0.8 வோல்ட் காட்டுகிறது. விளக்கு இரண்டும் 55 வாட்.

பழைய_ஸ்பேனர்:
இரண்டுமாகச் சேர்த்து சுமார் 9 ஆம்பியர். 0.8-ஐ 9-ஆல் பெருக்கினால் 7 வாட்டுக்கு மேல், ஒரே ஒரு பின்னில் வெப்பமாகப் போகிறது. பழுக்காமல் என்ன செய்யும்? அந்தப் பின் 13 ஆம்பியர் தாங்கக்கூடியது, அதன் மேல் குற்றமில்லை. நல்ல கிரிம்பாக இருந்தால் இந்த அளவு 0.1 வோல்ட்டைக்கூடத் தொடாது.

டிரெய்லர்வாசி:
இன்னொரு குழப்பம். பிரேக் லைட் கனெக்டரை வெட்டிவிட்டுப் புது பின் போடலாம் என்று தோலை உரித்தால் செம்பு கறுப்பாக இருக்கிறது. இன்னும் 10 செ.மீ. வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. கனெக்டருக்குள் போன தண்ணீர் இவ்வளவு தூரமா ஏறும்?

பழைய_ஸ்பேனர்:
அந்த வயரில் வேறு எங்காவது ஒட்டு இருக்கிறதா?

டிரெய்லர்வாசி:
இருக்கிறது. சக்கரத்துக்கு மேலே சேற்றுத்தகட்டின் உள்ளே முறுக்கி டேப் சுற்றினேன். நீளம் போதவில்லை.

பழைய_ஸ்பேனர்:
அதுதான். தண்ணீர் கனெக்டருக்குள் போய் வயரில் ஏறவில்லை, ஒட்டில் நுழைந்து வயருக்குள்ளேயே நடந்து கனெக்டருக்கு வந்திருக்கிறது. இழை வயர் விளக்குத் திரி மாதிரி. இழைகளுக்கு நடுவே உள்ள சந்தில் தண்ணீர் தானாக இழுபடும். இதற்கு உந்துதலும் உண்டு. விளக்கும் கனெக்டரும் சூடாக இருக்கும்போது உள்ளே காற்று விரியும். குளிர்ந்த தண்ணீரை அடித்ததும் சட்டென்று சுருங்கி உறிஞ்சும். எந்தச் சீல் நோஞ்சானோ அதன் வழியே. ஓடி வந்த வண்டியை உடனே கழுவுகிறவர்களுக்கு இது அதிகம் நடக்கும்.

செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டுங்கள். தெரியவில்லை என்றால் வயரையே மாற்றுங்கள். கறுத்த செம்பில் கிரிம்ப் நிற்காது. ஒட்டு தவிர்க்க முடியாது என்றால் உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஷ்ரிங்க் டியூப் போட்டுச் சூடாக்குங்கள், ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும். டேப் என்பது மழைக்கு முன்னால் ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

தண்ணீரும் தூசும் எந்த அளவுக்குப் புகாது என்று சொல்லும் ஐபி எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், நின்ற தண்ணீரில். பிரஷர் வாஷரின் பீச்சலுக்கு அது பதில் சொல்லாது. அதற்கு ஐபி69கே என்று தனிச் சோதனை, 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் 10, 15 செ.மீ. பக்கத்திலிருந்து அடிப்பார்கள்.

மழைநாள்:
சரி, கிரீஸாவது தடவலாமா? அதுவும் தப்பா?

கிரிம்ப்_பித்தன்:
டிடிக்குத் தேவையே இல்லை, நான் தடவுவதில்லை. ஸ்பேனர் அண்ணன் தடவுவார், எங்களுக்குள் பழைய சண்டை இது. தடவுவதானால் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் துளியளவு, முன்பக்க ரப்பர் வளையத்தில் மட்டும். பேரிங் கிரீஸை அப்பாதீர்கள்.

டிரெய்லர்வாசி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒர்க் லைட்டுக்கு 2 சதுர மி.மீ. வயர் போட்டேன், வெளிவிட்டம் 2.7, சாதாரண ஹவுசிங்கில் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. மற்றதெல்லாம் மெல்லிய வயர் ஹவுசிங். இறக்கைக் கிரிம்ப்புக்கென்று உள்ள பிளையர் வாங்கினேன். முதல் பத்துப் பின்னைப் பழகுவதற்கே பாழாக்கினேன். ஒவ்வொரு பின்னையும் கிளிக் சத்தம் கேட்கும் வரை தள்ளி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பின்களைப் பூட்டும் ஆப்பான வெட்ஜ் போட்டேன். ஒரு இடத்தில் வெட்ஜ் உட்காரவே மாட்டேன் என்றது. பார்த்தால் ஒரு பின் பாதிதான் போயிருந்தது. முன்பானால் சுத்தியலால் தட்டியிருப்பேன்.

கனெக்டருக்குப் பின்னால் வயர் சட்டென்று மடங்காமல் கொஞ்சதூரம் நேராக விட்டிருக்கிறேன். முன்பு இரண்டு இடத்தில் டை போட்டு ஒரேயடியாக மடக்கியிருந்தேன், அங்கே ரப்பர் துளை முட்டை வடிவில் இழுபட்டிருந்தது.

மாட்டும் முன் ஒரு சோதனையும் செய்தேன். கனெக்டரைச் சூடான இடத்தில் வைத்துவிட்டு உப்பு போட்ட குளிர்ந்த தண்ணீரில் அமுக்கினேன். வயரின் மறுமுனைகள் வெளியே காற்றில். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு வயருக்கும் நடுவே தடை பார்த்தேன், மீட்டர் அசையவில்லை. ஒர்க் லைட் பக்கம் இப்போது 0.03 வோல்ட்.

பழைய ஒன்பதில் கெடாத ஆறையும் பிரித்துப் பார்த்தேன். நான்கில் ரப்பர் கீறியிருக்கிறது.

கிரிம்ப்_பித்தன்:
அந்த நாலும் அடுத்த மழைக்கு வரிசையில் நின்றவை. பழைய லக் பிளையரை என்ன செய்தீர்கள்?

டிரெய்லர்வாசி:
லக் அழுத்தத்தான் வைத்திருக்கிறேன்.