மறுமொழி: டிஸ்ட்ரெஸ்ட் எழுத்துருவுக்கு ‘தேய்வெழுத்து’

எல்லாருக்கும் வணக்கம்.

‘டிஸ்ட்ரெஸ்ட்’ எழுத்துருவை, அதாவது பழசாகித் தேய்ந்ததுபோல் வரைந்த எழுத்துருவை, தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்குத் தம்பி முன்வைத்த ‘சிதைந்த எழுத்துரு’ எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. பழைய கோப்பைத் திறக்கும்போது கட்டம் கட்டமாக வந்தால் ‘எழுத்து சிதைஞ்சு போச்சு’ என்றுதானே மட்டக்களப்பில் நாங்கள் சொல்கிறோம். அதே பெயரில் ஒரு எழுத்துருவைக் கொடுத்தால், திருத்தித் தாருங்கள் என்று திரும்பி வரும்.

இந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சுவரொட்டிக்கான பெரிய எழுத்துகளை ஈயத்தில் வார்த்தால் பாரம் அதிகம், அதனால் மரத்தில் வெட்டினார்கள். 1827-இல் நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்ற அச்சாளர் அதற்கு இயந்திரம் கொண்டுவந்த பிறகு மர எழுத்து பெருகியது. அச்சடிக்க அடிக்க மரத்தின் முகம் தேயும், மூலை மழுங்கும், பள்ளத்தில் மை பிடிக்காது. தாளில் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டு விழும். உருவம் அப்படியே நிற்கும், மேற்பரப்புத்தான் போயிருக்கும். கல்லடிக் கரையில் இழுத்துவைத்த தோணிகளின் பெயர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உப்புக்காற்றில் பெயின்ற் செதில் செதிலாக உரிந்து, நீலத்துக்குள் முன்பு அடித்த மஞ்சள் தெரியும். ஆனால் பெயரை வாசிக்கலாம். இது தேய்வு, சிதைவு இல்லை.

ஆகவே ‘தேய்வெழுத்து’. ‘தேய்வழக்கு’ (கிளிஷே) ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் காதுக்கும் புதிதாக இராது. கையால் செய்த சாயல் உள்ளதை ‘கைவண்ணத் தேய்வெழுத்து’ என்போம். போல்டுக்குத் ‘தடித்த’ போதும். டிஸ்பிளே, அதாவது தலைப்பு, சுவரொட்டி போன்றவற்றுக்குப் பெரிதாகப் போடும் எழுத்துரு, என்பதற்குக் ‘காட்சி எழுத்துரு’ வேண்டாம், கணினித் திரைக்கானது என்று எடுத்துக்கொள்வார்கள். ‘தலைப்பெழுத்து’ என்றால் பெயருக்கு முன் போடும் இனிஷியல். ‘முகப்பெழுத்து’ எனக்குப் பிடித்திருக்கிறது.

வரைவிலக்கணத்தில் ஒன்றை விடாமல் எழுத வேண்டும்: வாசிப்புக் கெடாத அளவுக்கு, வேண்டுமென்றே தேய்த்த தோற்றம். தமிழில் இது சின்ன விசயம் இல்லை. ‘ர’வின் அடிவால் தேய்ந்தால் கால் ஆகிவிடும், ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகும். ‘கடல்’ என்பதில் டகரத்துக்கு மேலே ஒரு மைப்பொட்டு விழுந்தால் ‘கட்ல்’. ஒரு புள்ளியே எழுத்தை மாற்றிவிடும் மொழியில் கண்ட இடத்தில் பொட்டு வைக்க முடியாது. அப்புறம், ‘பக்கம்’ என்று அடித்தால் இரண்டு ககரத்திலும் ஒரே கீறல் ஒரே இடத்தில் வரக்கூடாது. வந்தால் கைவண்ணம் என்ற பேச்சே பொய்யாகிவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று மாற்றுவடிவங்கள் வரைந்து, எழுத்துருக் கோப்புக்குள் எழுதிவைக்கும் ஓப்பன்டைப் விதியால் மாறி மாறி வரச்செய்யலாம்.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் அச்சகத்திலோ போர்ட் எழுதும் வேலையிலோ இருப்பவர்கள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ‘பொருக்கெழுத்து’ என்றும் எனக்கு ஒரு யோசனை உண்டு. ஆனால் அது உரிந்த பெயின்றுக்குத்தான் பொருந்தும், மை பிடிக்காத அச்சுக்குப் பொருந்தாது.