பர்ட்டன் பர்ன்ஸ் ஆளை வளர்த்தாரா, வளர்ந்த ஆளை வாங்கினாரா?

ஓரக்கோடு:
அலபாமா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில் 2007 முதல் 2017 வரை ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடும் வீரர்) பயிற்சியாளராக இருந்த பர்ட்டன் பர்ன்ஸை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் கூப்பிட்டால் நாட்டின் முதல் தரப் பையன்கள் வந்து நிற்பார்கள். டெரிக் ஹென்றி பள்ளியிலேயே 12,124 யார்டு ஓடி தேசிய சாதனை படைத்துவிட்டு வந்தவர். அவருக்குப் புதிதாக என்ன கற்றுக்கொடுத்துவிட முடியும்?

நான்காம் டவுன்:
ஹென்றியை விடுங்கள். ஜோஷ் ஜேக்கப்ஸ்? டல்சா நகரில் பள்ளியில் படித்தபோது கடைசி நேரம் வரை பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத பையன். அலபாமாவில் முதல் இரண்டு வருடமும் பர்ன்ஸிடம்தான் பயின்றார். 2019 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 24ஆவது ஆளாகப் போனார், 2022ல் 1,653 யார்டு ஓடி தொழில்முறை லீகான என்எஃப்எல்லிலேயே முதலிடம். மார்க் இங்ரமும் பள்ளி நாட்களில் ஹென்றி அளவுக்குப் பேசப்பட்டவர் இல்லை. கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அலபாமாவுக்கு முதன்முதலாக 2009ல் அவர் கையால்தான் வந்தது.

ஓரக்கோடு:
அப்புறம் பர்ன்ஸின் இன்னொரு பையன் ட்ரென்ட் ரிச்சர்ட்சன்? 2012ல் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டார். என்எஃப்எல்லில் ஓட்டத்துக்கு சராசரி 3.3 யார்டுதான். கல்லூரியில் லைன் (முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் வீரர்கள்) திறந்துவிட்ட வழியில் ஓடியவர், அது இல்லாதபோது திணறினார். 2012 எஸ்இசி (அலபாமா ஆடும் கல்லூரி லீக்) இறுதியில் ஜார்ஜியாவுக்கு எதிராக அலபாமாவின் எடி லேசி 181, யெல்டன் 153 யார்டு ஓடினார்கள். அன்று முன்னால் நின்ற வார்மாக், ஃப்ளூக்கர் இருவருமே அடுத்த டிராஃப்டில் முதல் பதினொன்றுக்குள் போனவர்கள். பாராட்டு லைன் பயிற்சியாளருக்கு அல்லவா போகவேண்டும்?

புல்தரை:
லைன் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் ரன்னிங் பேக்கின் வேலையில் பாதி பந்து கையில் இல்லாதபோது நடக்கிறது. எதிரணியின் தடுப்பு வீரரான லைன்பேக்கர் நடுவில் பாய்ந்து வருகிறார். பேக் முன்னால் ஓர் அடி வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, நெஞ்சில் முட்டி நிறுத்தவேண்டும். அரை நொடி தாமதித்தால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் தரையில். பள்ளியில் நட்சத்திரமாக இருந்தவனுக்கு இதைச் செய்யவேண்டிய தேவையே வந்திருக்காது. பயிற்சியாளர் தினமும் மல்லுக்கட்டிச் சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது. பர்ன்ஸின் பையன்களில் இத்தனை பேர் மேலே போய் நிலைத்ததற்கு இதுவும் காரணம் என்பேன்.

ஓரக்கோடு:
நிலைத்தவர்களை எண்ணுகிறீர்கள், சரி. நழுவிப்போனவர்? ஆல்வின் கமாரா 2013ல் அலபாமாவுக்குத்தான் வந்தார். ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஹட்சின்சன் கம்யூனிட்டி காலேஜுக்குப் போய், பிறகு டென்னசியில் ஆடி, 2017ல் என்எஃப்எல்லின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது வாங்கினார். கையில் இருந்த வைரத்தை அடையாளம் காணவில்லையே!

நான்காம் டவுன்:
அந்த வருடம் அதே அறையில், அதாவது ரன்னிங் பேக் குழுவில், யெல்டன், டிரேக், ஹென்றி மூவரும் இருந்தார்கள். ஹென்றியே 2015 வரை பொறுத்திருந்துதான் முழுப் பொறுப்பை வாங்கினார். டிரேக் கையை முறித்துக்கொண்டதும் ஆபர்னுக்கு எதிராக 46 தடவை பந்தைச் சுமந்து 271 யார்டு. வருட மொத்தம் 2,219. அத்தனை திறமையை ஓர் அறைக்குள் சண்டையில்லாமல் வைத்திருந்ததையும் அவர் கணக்கில் சேருங்கள்.

ஓரக்கோடு:
46 தடவை ஒரே பையனை ஓடவிட்டதைப் பெருமையாகச் சொல்கிறீர்களா? எனக்கு அது கவலையாகத்தான் இருந்தது. ஜேக்கப்ஸ் விஷயத்தில் மட்டும் பர்ன்ஸுக்குப் பாதி மதிப்பெண் தருகிறேன். கமாராவுக்கு யாரும் இன்னும் நேரான பதில் சொல்லவில்லை.