பதில்: லோட் ஷெட்டிங் – தமிழில் என்ன வைக்கலாம்?

> லோட் என்றால் சுமை, ஷெட் என்றால் உதிர். 'சுமை உதிர்ப்பு' என்று நேராகவே வைத்துவிடலாமே?

அண்ணே, வணக்கம். தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் பற்றாதபோது பகுதி பகுதியாக நிறுத்தும் லோட் ஷெட்டிங்கைப் பற்றி நாம் தமிழில் அச்சிடப்போகும் துண்டறிக்கைக்குத்தான் இந்தச் சொல் தேடல். உதிர்ப்பு எனக்கு ஒட்டவில்லை. அகராதியைத் திறந்தால் ஷெட்டுக்கு உதிர், உரி, சிந்து, கொட்டகை என்று வரிசையாக நிற்கும். அதில் மரத்துக்கு உரியதை நீங்கள் எடுத்தீர்கள். என் சங்கடம் அது இல்லை. லோட் ஷெட்டிங் என்பதே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவரின் சொல். தேவை கூடி உற்பத்தி போதாமல் போனால், நாடு முழுவதையும் இணைக்கும் மின்தொகுப்பின் அலைவெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை சுழற்சி என்பது) 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கத் தொடங்கும். அப்படியே விட்டால் நாடு முழுவதும் இருண்டுவிடும். அதனால் ஊர் ஊராகக் கழற்றிவிடுகிறார். அவருக்கு நம் தெரு ஒரு சுமை, சரி. ஆனால் நம் துண்டறிக்கையைக் கையில் வாங்கப்போகிறவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் அடுப்பில் பாதி வெந்த சோற்றோடு நிற்பவர். தன் வீடு 'உதிர்ந்துவிட்டது' என்று அவர் ஏன் படிக்க வேண்டும்?

> மின்வெட்டு என்று நல்ல சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அக்கா கேட்டது நியாயம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கு மின்வெட்டு என்றால் விளக்கமே வேண்டாம். ஆனால் இந்த அறிக்கையில் மூன்று விஷயங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. நாட்டில் மின்சாரம் பற்றாமல் பகுதி பகுதியாக நிறுத்துவது ஒன்று. இரண்டாவதை இந்நாட்டு அரசு மின் நிறுவனமான எஸ்காம் 'லோட் ரிடக்ஷன்' என்கிறது. நாட்டில் மின்சாரம் போதுமான அளவு இருந்தாலும், ஒரு பகுதியில் திருட்டு இணைப்புகள் கூடி டிரான்ஸ்பார்மர் வெடிக்கும் நிலை வந்தால், காலை மாலை நெரிசல் நேரத்தில் அந்தப் பகுதியை மட்டும் நிறுத்துவார்கள். மூன்றாவது, கேபிள் அறுந்தோ பழுதாகியோ போவது. மூன்றுக்கும் மின்வெட்டு என்றே போட்டால், நேர அட்டவணையை எதற்குப் பார்ப்பது, யாருக்குப் போன் செய்வது என்று படிப்பவருக்குத் தெரியாது. சுமை உதிர்ப்பு, சுமைக் குறைப்பு என்று போட்டாலும் இதே கதிதான்.

என் யோசனை இது. ஏரித் தண்ணீர் குறைந்தால் ஊரில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள், முறைப்பாசனம் என்று பெயர். இங்கே நடப்பதும் அதுதான். நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் இரண்டு மணி நேரம் என்று முறை வைத்து நிறுத்துகிறார்கள். ஆகவே லோட் ஷெட்டிங் = முறை மின்வெட்டு. இரண்டாவதற்குப் பளுக்குறைப்பு. மின்பளு என்ற சொல் தமிழ்நாட்டு மின்வாரியப் படிவங்களில் ஏற்கெனவே இருக்கிறது. மூன்றாவது, மின்தடை.

பள்ளிப் புத்தகத்தில் மின்தடை என்றால் ஓம் கணக்கில் அளப்பது, அதை எப்படி இங்கே வைப்பது என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் செய்தித்தாளில் 'நாளை மின்தடை' என்று படித்து யாரும் ஓம் விதியைத் தேடிப் போனதில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. இரண்டும் ஒரே தாளில் வந்து மோதினால்தான் பிரிக்க வேண்டும்.

யூனிட் அப்படித்தான் மோதுகிறது. அறிக்கையின் முதல் பத்தியில் அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் நின்றுபோனது. அடுத்ததில் ப்ரீபெய்டு மீட்டரில் வாங்கும் யூனிட். கடைசியில் யூனிட் 3-இல் எத்தனை மணிக்கு நிற்கும் என்ற அட்டவணை. நம் சொற்பட்டியலில் மூன்றுக்கும் அலகு என்று ஒரே அடியாகப் போட்டிருக்கிறீர்கள். சாட்ஸ்வொர்த்தை 1960களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிக் கட்டியபோது எண் போட்டுப் பிரித்த பகுதிகள்தான் இந்த யூனிட்கள். வெஸ்ட்கிளிஃப் என்று பலகை இருந்தாலும் இன்னும் பல பேருக்கு அது யூனிட் த்ரீதான். அது இடப்பெயர், மொழிபெயர்க்காதீர்கள். மீட்டரில் வாங்குவதையும் யூனிட் என்றே விடுங்கள், ஊரிலும் '100 யூனிட் இலவசம்' என்றுதான் பேச்சு. மின்நிலையத்து யூனிட் மட்டும் மிச்சம். செய்தித்தாள்கள் அதை அலகு என்று எழுதுவது உண்மைதான். ஆனால் டர்பனில் அலகு என்றதும் நினைவுக்கு வருவது காவடியில் கன்னத்தில் குத்துவது. 'மூன்றாம் அலகு பழுது' என்று தைப்பூச நேரத்தில் ஒட்டிப் பாருங்கள்! அங்கே 'மின்நிலையத்தில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டது' என்று வாக்கியமாகவே எழுதிவிடலாம். எல்லாவற்றுக்கும் சொல் செய்யத் தேவையில்லை.

லோட் ஷெட்டிங் எவ்வளவு கடுமை என்று சொல்லும் ஸ்டேஜுக்கு 'கட்டம்' வேண்டாம். தேர்தல் கட்டம் மாதிரி ஒன்று முடிந்து இரண்டு வரும் என்று தோன்றும். ஸ்டேஜ் ஒன்று என்றால் கழற்றிவிடுவது 1,000 மெகாவாட், நான்கு என்றால் 4,000. இன்று 2 என்றால் நாளை நேராக 6-க்கும் போகலாம். 'நிலை 4' போதும்.

அப்புறம் ரோபாட். 'ரோபாட் வேலை செய்யாவிட்டால் நான்கு பக்கமும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும்' என்ற வரியை யாரோ 'எந்திர மனிதன்' என்று மாற்றி வைத்திருக்கிறீர்கள். இந்த நாட்டில் சிக்னல் விளக்குக்குத்தான் அந்தப் பெயர். 'சிக்னல்' என்று போட்டுவிட்டேன்.

– டர்பன்

*

முறை மின்வெட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் முறை என்பதும் லேசுப்பட்ட சொல் இல்லையே. முறை மாமன், செய்முறை, இரண்டு முறை, முறைகேடு. 'முறையற்ற மின்வெட்டு' என்று யாராவது எழுதினால் அட்டவணைப்படி வராததா, அநியாயமாக வந்ததா?

– லெனேசியா

*

தம்பி, எங்கள் தெருவில் இரண்டும் ஒன்றுதான். கிண்டல் இருக்கட்டும், நீங்கள் சொன்ன சிக்கல் 'அற்ற' சேர்ந்தால்தான் வரும். நம் அறிக்கையில் அந்தச் சொல் எங்கேயும் இல்லை. அட்டவணைக்கு மேல் தலைப்பாக 'உங்கள் பகுதியின் முறை' என்று போட்டால் பொருளும் தானாக விளங்கும். வேறு மறுப்பு இல்லையென்றால் முறை மின்வெட்டு என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

'மின்சாரம் திரும்பும்போது பிரேக்கர் ட்ரிப் ஆகலாம், கீசரை முன்பே அணைத்து வையுங்கள்' என்ற வரி மட்டும் பாக்கி. கீசருக்கு வெந்நீர்க்கலன் சரி, வெந்நீர் ஊற்று கூடாது. ட்ரிப்புக்கு 'சுவிட்ச் கீழே விழுந்துவிடும்' என்று போட்டிருக்கிறேன். கழன்று தரையில் விழும் என்று நினைப்பார்களோ என்று ஒரு சந்தேகம். இதைவிட நல்லது தெரிந்தால் யாராவது எழுதுங்கள்.

– டர்பன்