வாசலைக் காத்தோம், குளியலறையில் கோட்டை விட்டோம்

இரவு பதினொரு மணி இருக்கும். வெள்ளம் வீட்டுக்குள் வராமலிருக்க நானும் தம்பியும் வாசலில் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தோம். குளியலறைப் பக்கமிருந்து 'குபுக் குபுக்' என்று சத்தம். போய்ப் பார்த்தால் தரைத் துளையிலிருந்து கறுப்புத் தண்ணீர் பொங்குகிறது. கொஞ்ச நேரத்தில் கழிவறைக் கோப்பையும் நிரம்பி வழிந்தது. தெருச் சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் குழாய் வழியாகவே வீட்டுக்குள் திரும்பும், தாழ்வான இடத்தில்தான் முதலில் தலைகாட்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வாசல் அப்போதும் காய்ந்தே கிடந்தது!

தடித்த பிளாஸ்டிக் பையில் மணலைக் கட்டிக் கோப்பைக்குள்ளும் துளை மேலும் வைத்திருந்தால் பெருமளவு தடுத்திருக்கலாம். மூட்டை அத்தனையும் வாசலில் இருந்ததே, ஒன்றை எடுத்துவரக்கூடத் தோன்றவில்லை.

தம்பி மெயினை அணைக்க ஓடினான். மெயின் பெட்டி மாடிப்படிக்குக் கீழே. அங்கே அதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர். "ஈரக்காலோட அதைத் தொடாதடா, மேல வா!" என்று அம்மா போட்ட சத்தத்தில் நின்றுவிட்டான். அம்மா அன்று கத்தியதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். மெயினை அணைப்பதென்றால் தண்ணீர் வருவதற்கு முன்னால் அணைக்க வேண்டும். வந்த பிறகு கிட்டேயே போகக்கூடாது.

உதவி எண் பல தடவை முயன்ற பிறகு கிடைத்தது. "மாடியில இருக்கீங்களா? யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்லையே? அப்ப காத்திருங்க" என்றார்கள். அப்போது கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் நிலைமையும் புரிகிறது. ஒரு ஊர் மூழ்கினால் பக்கத்து ஊரிலிருந்து படகு வரும். நாடே மூழ்கினால் எங்கிருந்து வரும்? 2022-ல் பாகிஸ்தானில் அப்படித்தான், வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 3 கோடியே 30 லட்சம் பேர். இங்கே எங்களுக்கு உதவி வந்தது மூன்றாம் நாள். அதுவரை ஐந்து பேருக்குப் பன்னிரண்டு பாட்டில் தண்ணீர். இப்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்குப் போட்டு மாடியில் வைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டுக்காரர் காரைக் காப்பாற்றப் போய் மாட்டிக்கொண்டார். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும். நல்லவேளை, கதவு திறக்காவிட்டாலும் கண்ணாடி இறங்கியது. அது வழியாக வெளியே வந்துவிட்டார்.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்த தப்பு, படம் எடுக்காமல் கழுவ ஆரம்பித்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு எங்கே என்று காப்பீட்டுக்காரர் கேட்டபோது, அதை நானே தேய்த்து அழித்திருந்தேன். மெத்தையைக் காயவைத்துப் பார்த்தோம், வீண் வேலை. சாக்கடைத் தண்ணீர் குடித்த மெத்தையைத் தூக்கிப் போடுவதுதான் சரி. கழுவும்போது பூட்ஸ், கையுறை கட்டாயம். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக வழி உண்டு.

இப்போது கழிவுநீர்க் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது) போடலாம் என்று இருக்கிறேன். குப்பை சிக்கினால் மூடாது, அவ்வப்போது திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார் பிளம்பர். போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நிஜமாகவே தாங்குகிறதா?