மணி வச்ச மேக்ரமே மோதிரம் திருகுது, மணி சாயுது, ரெண்டே நாள்ல லூசாகுது. உதவி வேணும்

தக்கலை நூல்காரி

எல்லாருக்கும் வணக்கம். மைக்ரோ மேக்ரமேல (மெல்லிசு நூலைக் கையால முடிச்சு முடிச்சாப் போட்டுச் செய்ற வேலை) மணி வச்ச மோதிரம் போட்டுப் பழகிட்டிருக்கேன். எங்க அக்கா கல்யாணத்துக்கு வர்ற கூட்டுக்காரிகளுக்கு 14 மோதிரம் என் கையாலேயே முடிஞ்சு குடுக்கணும்னு ஆசை. மூணு வாரம்தான் இருக்கு. இதுவரை அஞ்சு போட்டேன், அஞ்சும் சரியில்ல.

நூல் 0.8 மி.மீ. மெழுகு பாலியெஸ்டர். மணி 6 மி.மீ. பச்சைக் கல் மணி. நடுவுல ரெண்டு நூல், அதைச் சுத்தி ரெண்டு வெளி நூலால இடம், வலம்னு மாத்தி மாத்திப் போடுற சதுர முடிச்சு. ஒயிட்போர்டு மார்க்கர்ல சுத்தி வச்சுத்தான் முடியறேன், அளவும் அதுலதான் பாக்கேன்.

பிரச்சினை மூணு. பட்டை நேரா வராம திருகாணி மாதிரி சுத்துது. மணி நடுவுல நிக்காம ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு. மூணாவதுதான் ரொம்ப வருத்தம்: போட்ட அன்னைக்குக் கச்சிதமா இருக்கு, ரெண்டு நாள் பாத்திரம் கழுவி, துணி துவைச்சா விரல்ல இருந்து தானா கழண்டு விழுது. நேத்து ஒண்ணு கிணத்தடியில போயிட்டு.

வடசேரி அக்கா

பிள்ளே, மூணு விஷயம் சொல்லு. மணி ஓட்டைக்குள்ள ரெண்டு நடு நூலும் போகுதா? முடிச்சு போடும்போது முன்பக்கம் குறுக்கே போற நூல் எது? கடைசியில வட்டத்தை எப்படி மூடுற?

தக்கலை நூல்காரி

அக்கா, ஓட்டை சின்னது. ஒரு நூல்தான் போச்சு, இன்னொண்ணை மணிக்குப் பின்னால விட்டேன். குறுக்கே போறது ஒரு தடவை இடது, ஒரு தடவை வலதுன்னுதான் நினைச்சுப் போடுறேன், நடுவுல அம்மா கூப்பிட்டா எழும்பிப் போயிட்டு வந்து தொடர்வேன். மூடுறதுக்கு ரெண்டு முனையையும் எதிரெதிரா அடுக்கி, அது மேல அஞ்சு முடிச்சு. அப்புறம் இழுத்து அளவு வச்சு, முனையை வெட்டி லைட்டர்ல ஒரு தொடு. முதல் மோதிரம் விரல்ல ஏறவே இல்ல, அதனாலதான் இப்படி இழுத்து அளவு வைக்கிற மாதிரி மாத்தினேன்.

வடசேரி அக்கா

அப்போ மணி சாயறதுக்குக் காரணம் நீயே சொல்லிட்ட. ஒரு நூல் மணிக்குள்ள, ஒண்ணு பின்னால. பின்னால ஓடுற நூல் மணியைத் தள்ளிக்கிட்டே இருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் நேரா நிக்காது. 6 மி.மீ. கல் மணியில ஓட்டை பெரும்பாலும் 1 மி.மீ.தான் இருக்கும். 0.8 நூல் ரெண்டு எப்படிப் போகும்? நடு நூலுக்கு மட்டும் 0.5 மி.மீ. வாங்கு. முடியற நூல், அதாவது முடிச்சுப் போடுற வெளி நூல், 0.8-லேயே இருக்கட்டும். 0.5 முனையில நகப்பூச்சு தொட்டுக் காய வச்சு, சரிவா வெட்டினா ஊசி மாதிரி விறைப்பா நிக்கும், ரெண்டும் ஒண்ணொண்ணா உள்ள போயிரும்.

இன்னொண்ணு, மணிக்கு அந்தப் பக்கம் புது நூல் தொடங்காதே. ஒரே நூல்ல ஒரு முனையில இருந்து முடிஞ்சுக்கிட்டே வா. பாதி வந்ததும் நடு நூல்ல மணியைக் கோத்து முடிச்சை ஒட்டித் தள்ளு. முடியற நூல் ரெண்டையும் மணியோட ரெண்டு கன்னத்துலயும் அணைச்சுக் கொண்டுபோய், அந்தப் பக்கம் ஒட்டினாப்புல அடுத்த முடிச்சு. ரெண்டு நூலும் அணைச்சுப் பிடிச்சிருக்கும்போது மணிக்கு உருள இடம் இருக்காது.

திருகுறதுக்கு ஒரு வழி சொல்றேன், இதை மறக்காதே. சதுர முடிச்சுல முன்பக்கம் குறுக்கே போற நூல் எப்பவும் ஒரே நூல்தான். இடது, வலதுன்னு பக்கம்தான் மாறும், நூல் மாறாது. நீ எழும்பிப் போயிட்டு வரும்போது பக்கம் தப்பி, ஒரே பக்கத்துல இருந்து ரெண்டு தடவை தொடங்கிடுற. அது அரை முடிச்சா, சதுர முடிச்சுல பாதியா விழும். அரை முடிச்சா அடுக்கினா பட்டை சுத்தத்தான் செய்யும், அதுதான் அதோட குணம். முடியற நூல்ல ஒண்ணோட முனையில சிவப்பு நகப்பூச்சு தொட்டு வை. அந்தச் சிவப்பு மட்டும்தான் முன்னால குறுக்கே போகணும். யாரு கூப்பிட்டாலும் போயிட்டு வா, வந்து சிவப்பைப் பிடிச்சா போதும்.

முதல் மோதிரம் ஏறாததுக்கும் கணக்கு இருக்கு. விரலைச் சுத்தி நூல் வச்சுப் பாத்தியா, எவ்வளவு?

தக்கலை நூல்காரி

54 மி.மீ. அக்கா. 54 நீளத்துக்குத்தான் முடிஞ்சேன்.

வடசேரி அக்கா

அதான். பட்டைக்கு ஏறக்குறைய 2 மி.மீ. தடிப்பு உண்டு. நடு நூல் ஓடுற வட்டம் விரலைவிட 2 மி.மீ. அகலம். 2-ஐ 3.14-ஆல பெருக்கு, 6 மி.மீ. கூட வேணும். 60-க்கு முடி. மணி போக 54. உன் நூலுக்கு ஒரு சதுர முடிச்சு சுமார் 1.8 மி.மீ. பிடிக்கும், அப்போ 30 முடிச்சு. முடியற நூல் ஒரு மீட்டர் வெட்டி நடுவுல மடக்கித் தொடங்கு, கையில பிடிக்க வால் மிஞ்சும். விரலைச் சாயங்காலம் அளந்துக்கோ. காலையில குளிர்ந்த விரல் சிறுத்திருக்கும்.

மார்த்தாண்டம் தம்பி

லூசாகுறதுக்கு சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விடுங்க, ஆடாது.

வடசேரி அக்கா

தம்பி, நல்லெண்ணத்துல சொல்றீங்க, ஆனா மோதிரத்துக்கு வேண்டாம். அந்தப் பசை முடிச்சுக்குள்ள இறங்கிக் காய்ஞ்சா கல்லாட்டம் விறைச்சு வெள்ளை பூக்கும், விரல் சந்துல உரசும். பாலியெஸ்டராவது பரவாயில்ல. பஞ்சு நூல்ல அந்தப் பசை நிறைய பட்டா சூடேறிப் புகையே வரும். விரல்ல போட்டுக்கிட்டு யாரும் முயற்சி பண்ணிரப்பிடாது.

முட்டம் வலைக்காரன்

தங்கச்சி, நமக்கு மோதிர வேலை தெரியாது, முடிச்சு தெரியும். பஞ்சு நூல் வலையில ஒத்தை முடிச்சு நல்லாப் பிடிக்கும். நைலான் வழுக்கும். அதனால நைலானுக்கு வலை ஊசியை ரெண்டு சுத்து கொண்டுபோய் இரட்டை முடிச்சாப் போடுவோம். உங்க நூலும் அந்த ஜாதிதான், வழவழன்னு இருக்கும். மேல அஞ்சு முடிச்சு போட்டாலும் உள்ள ஓடுற நூலை அது பிடிச்சு மட்டும்தான் வச்சிருக்கு, கட்டி வைக்கல. சோப்புத் தண்ணி பட்டா நழுவும். முனையை வெட்டி நெருப்பு காட்டினது உருகி ஒரு பொட்டா நிக்கும், அந்தப் பொட்டு சின்னதா இருந்தா முடிச்சுக்குள்ள புகுந்து வந்துரும். நூலை எங்கயாவது திருப்பி மாட்டணும். திரும்பின நூல் நழுவாது.

தக்கலை நூல்காரி

அண்ணா, திருப்பி எங்க மாட்டுறது?

வடசேரி அக்கா

அண்ணன் சொன்னதுதான் சரி. அளவு வச்சு இழுத்த பிறகு அந்த முனையை ஊசியில கோத்து, மோதிரத்தோட உள்பக்கம் மூணு முடிச்சுக்கு அடியில கொண்டுபோ. அடுத்த முடிச்சுல திருப்பி ஒரு முடிச்சு அளவுக்குப் பின்னால வா. அப்புறம் 2 மி.மீ. விட்டு வெட்டி உருக்கு.

நெய்யூர் லேஸ்

ஒண்ணு சேர்க்கலாமா? எங்க ஆச்சி லேஸ் பின்னினவங்க. 1820-கள்ல நாகர்கோவில்ல மிஷனரி மால்ட்டோட மனைவி பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்த வேலை, எங்க வீட்டுல மூணு தலைமுறை கைமாறி வந்தது. ஆச்சி தலையணை இப்பவும் இருக்கு, உள்ள வைக்கோல் திணிச்சுத் தட்டினா பலகை மாதிரி சத்தம் கேக்கும். அதுல குண்டூசி குத்தித்தான் பின்னுவாங்க. ஒவ்வொரு நூலும் ஒரு மரக்கட்டையில தொங்கும், அந்தக் கட்டையோட கனம்தான் நூலை ஒரே மாதிரி விறைப்பா வச்சிருக்கும்.

நீங்க மார்க்கர் மேல வளைச்சு வச்சு முடியறதா சொன்னீங்க. அங்க நடு நூல் தொளதொளன்னு இருக்கும். தொளதொள நூல் மேல முடிச்சா, முடிச்சு இறுகும்போது நடு நூல் உள்ள நெளியும். விரல்ல போட்டுப் புழங்கினா அந்த நெளிவு நிமிரும், மோதிரம் நீளும். லூசாகுறதுக்கு அதுவும் ஒரு காரணம். நேரா கெட்டித் தலையணையில குத்தி, நடு நூல் ரெண்டுலயும் கனமான ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு முடிங்க. மார்க்கர் கடைசியில வட்டம் மூட மட்டும் போதும்.

தக்கலை நூல்காரி

நாலு நாள் கழிச்சு வர்றேன். 0.5 நூல் வந்துச்சு. தலையணை இல்ல, பழைய சாக்குல உமி திணிச்சுக் கட்டினேன். அப்பா சைக்கிள் நட்டு ரெண்டு குடுத்தாங்க. 31 முடிச்சு வந்தது. பட்டை ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கு! மணி அசையல. ரெண்டு நாள் போட்டு மாவாட்டினேன், துவைச்சேன், அதே அளவு.

ஒரே குறை: லைட்டர் காட்டின இடம் கறுப்பாகி, உருண்டையாகி, பக்கத்து விரல்ல பிறாண்டுது.

வடசேரி அக்கா

மெழுகுல தீ பிடிச்சுக் கரி படியுது. லைட்டரைத் தூக்கி வை. ஊதுபத்தி கொளுத்து, சாம்பலைத் தட்டிட்டுக் கங்கை மட்டும் முனைக்குக் கிட்ட கொண்டுபோ. தொடாதே. நூல் தானா சுருங்கி உருகும். உடனே எவர்சில்வர் ஸ்பூன் முதுகை வச்சு அமுக்கு, தட்டையா படியும். விரலால அமுக்கிராதே, உருகின பாலியெஸ்டர் தோல்ல ஒட்டிச் சுடும்.

தக்கலை நூல்காரி

சரியாயிட்டு அக்கா. தடவிப் பாத்தாகூட இடம் தெரியல. கடைசியா ஒண்ணு: கூட்டுக்காரிகள் விரல் அளவு எனக்குத் தெரியாது. கேட்டா விஷயம் தெரிஞ்சுரும்.

வடசேரி அக்கா

எல்லாத்தையும் 60-க்கே முடி. முடியற நூலோட முனையை மட்டும் உருக்கிரு, இழுக்கிற நடு நூல் முனையை வாலோட விட்டு வை. மூடின இடத்துல 3, 4 மி.மீ. கூட்டிக் குறைக்கலாம். மருதாணி வைக்க வர்ற அன்னைக்கு, வைக்கும் முன்னால ஒவ்வொருத்தி விரல்லயும் போட்டு இழுத்து அளவு பிடி. கழற்றி மார்க்கர்ல மாட்டி, ஊசி, அப்புறம் ஊதுபத்தி. விரல்ல இருக்கும்போது கங்கு காட்டாதே. ஒரு மோதிரத்துக்கு அஞ்சு நிமிஷம் ஆகும்.

தக்கலை நூல்காரி

அப்போ இன்னும் 13. இன்னைக்கு ராத்திரி ரெண்டு தொடங்கிருவேன். சிவப்பு நகப்பூச்சு அக்காவோடதுதான் எடுத்திருக்கேன்.