மெரிடியானைட்டு ஏன் தனிக் கனிமம்?

கேள்வி:
வணக்கம். பதினொரு நீர் மூலக்கூறுகள் கொண்ட மெக்னீசியம் சல்பேட்டான மெரிடியானைட்டு, ஏழு கொண்ட எப்சமைட்டிலிருந்து நீரின் அளவில்தானே வேறுபடுகிறது? அதைத் தனிக் கனிமமாக வகைப்படுத்துவது ஏன்?

பதில் 1:
நீரின் அளவு மாறும்போது படிகக் கட்டமைப்பே மாறிவிடுகிறது. எப்சமைட்டு நேர்சாய்சதுரப் படிகத் தொகுதியையும், மெரிடியானைட்டு முச்சரிவுப் படிகத் தொகுதியையும் சேர்ந்தவை. இரண்டிலும் மெக்னீசியத்தை ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகியாகச் சூழ்ந்திருக்கின்றன. ஆனால் எப்சமைட்டில் எஞ்சுவது ஒன்று, இதிலோ ஐந்து. மெக்னீசியத்தோடு நேரடியாகச் சேராத இந்த ஐந்தும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டமைப்பைத் தாங்குகின்றன என்பதே, என் பார்வையில், இக்கனிமத்தின் மிக அழகான பண்பு. எடையில் ஏறத்தாழ 62 விழுக்காடு நீர்தான்.

பதில் 2:
முன்னவர் கூறியதோடு நிலைப்புத்தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 2 பாகை செல்சியசுக்கு மேல் இது முழுமையாக உருகாமல் எப்சமைட்டாகவும் உப்புக்கரைசலாகவும் பிரிந்துவிடுவதால், மாதிரியைக் குளிர்நிலையிலேயே எடுத்துச் சென்று ஆராய வேண்டும். இதே சேர்மத்தை 1837இல் வேதியியலாளர் ஃபிரிட்ஷே ஆய்வகத்தில் விவரித்திருந்தும், அதில் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகள் இருப்பதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உறைந்த ஏரியொன்றில் இயற்கையாகக் கிடைத்த பின்னர், 2007இல் கனிமமாக ஏற்கப்பட்டது. செவ்வாயின் மெரிடியானி சமவெளியே பெயருக்கு மூலம்.

பதில் 3:
கனிமங்களை வகைப்படுத்தும் ஸ்ட்ரன்ஸ் முறையில் மெரிடியானைட்டு ஏழாம் வகுப்பில், கூடுதல் எதிரயனிகள் இல்லாத நீரேறிய சல்பேட்டுகளுள் அடங்கும்; நீரின் அளவில் வேறுபடும் பிற மெக்னீசியம் சல்பேட்டுகளான கீசரைட்டு, எக்சாஹைட்ரைட்டு, எப்சமைட்டு ஆகியவையும் அங்கேயே உள்ளன.