புழுங்கல் அரிசி, பெரிபெரி, தோட்ட வரலாறு: மூன்று துறைகளைத் தொடும் ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

பகாவ் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் நெகிரி செம்பிலானில் பகாவ் பட்டணத்தை ஒட்டிய தோட்டத்தில் வளர்ந்தவள். உயிர்வேதியியலில் இளங்கலை முடித்துவிட்டு, முதுகலை ஆய்வுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி என்னும் சத்துக்குறை நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனபோது, பால்மரத் தோட்டங்களில் இருந்த தமிழர்களை அது ஏறத்தாழத் தொடவே இல்லை. சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் நன்றாகத் தீட்டிய சயாம் வெள்ளை அரிசியை உண்டார்கள், நம்மவர்கள் புழுங்கல் அரிசியை உண்டார்கள் என்று எங்கள் சத்துணவியல் பாடம் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறது. அந்த ஒரு வரியை விரித்து ஆராய வேண்டும் என்பது என் ஆசை.

சிக்கல் என்னவென்றால், என் துறை விரிவுரையாளர் ஒருவர், எது குறைந்தால் இந்நோய் வருமோ அந்தத் தயமினை (வைட்டமின் பி1) பற்றிய வேதியியல் எப்போதோ முடிந்துவிட்டது, இது வரலாற்றுத் துறைக்காரர்கள் செய்ய வேண்டியது என்கிறார். வரலாற்றுத் துறையில் கேட்டால், நோயைப் பற்றிய ஆய்வை மருத்துவம் அறியாதவர் தொடக்கூடாது என்கிறார்கள். இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் நிற்கிறேன். போதாக்குறைக்கு என் பாட்டி, ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலேயே) கால் வீங்கிப் பலர் இறந்ததாகத் தம் தாயார் சொல்வாராம் என்கிறார். தமிழர்களை இந்நோய் தொடவில்லை என்பது உண்மையானால் இதை எப்படிப் புரிந்துகொள்வது? இது ஆய்வுக்கு ஏற்ற பொருள்தானா?

ஓய்வுபெற்ற டிரசர் (மருத்துவ உதவியாளர்), கோலாபிலா:

மகளே, உங்கள் பாட்டி சொன்னதற்கும் பாடத்தில் படித்ததற்கும் முரண்பாடு இல்லை. காப்பாற்றியது அரிசியே தவிர இரத்தம் அல்ல. அரிசி மாறியதும் காப்பும் போய்விட்டது.

நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, வெயிலில் காயவைத்த பிறகு தீட்டினால், தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் நீரோடு சேர்ந்து அரிசியின் உட்பகுதிக்கு ஏற்கெனவே இறங்கியிருக்கும். பச்சை நெல்லை அப்படியே ஆலையில் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். மனித உடம்பு இந்தச் சத்தைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை; மொத்தமாகவே 30 மில்லிகிராம் அளவுதான் இருக்கும், அதுவும் வரவு நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக்குவதற்கே தயமின் வேண்டும் என்பதால், வெறும் மாவை அதிகம் உண்கிறவருக்குத் தேவையும் கூடுகிறது. ஜப்பானியர் ஆட்சியில், பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த அரிசி நின்றுபோய், மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்பினார்கள். கிழங்கு கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மாவு. சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களுக்கோ தீட்டிய அரிசியும் கடும் உழைப்பும்தான் கிடைத்தன. அங்கே காலராவுக்கும் மலேரியாவுக்கும் அடுத்து பெரிபெரியும் அவர்களைத் தின்றது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கால் வீங்கியவர்கள் எல்லோருக்கும் பெரிபெரி என்று எழுதிவிடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி விழுந்து நிற்கும் வீக்கம், புரதக் குறைவாலும் வரும், கொக்கிப்புழுவால் வந்த கடும் இரத்தசோகையாலும் வரும். அந்நாளில் தோட்டங்களில் இந்த இரண்டுக்கும் குறைவே இல்லை. வீக்கத்தோடு நெஞ்சு படபடப்பும் மூச்சுத் திணறலும் இருந்தனவா, காலில் மரமரப்பு இருந்ததா, உட்கார்ந்த நிலையிலிருந்து எழ முடியாமல் போனதா என்று கேட்டால்தான் ஓரளவு பிரித்தறிய முடியும்.

வரலாற்று ஆசிரியர், சிரம்பான்:

டிரசர் ஐயா சொன்னதற்குமேல் மருத்துவத்தில் நான் எதையும் சேர்க்கப் போவதில்லை. எந்தத் துறைக்குரியது என்ற கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நோயின் காரணம் கண்டறியப்பட்டதில் நம் மாநிலத்துக்கே ஒரு பங்கு உண்டு.

1900-ல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரிபெரி ஒரு கிருமியால் பரவும் தொற்று என்றே கருதினார். கிருமியியல் கொடிகட்டிப் பறந்த காலம் என்பதால் அதில் வியப்பில்லை. இங்கே நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடனோ நுண்ணோக்கியைவிட மக்களின் உணவுத் தட்டைத்தான் கூர்ந்து பார்த்தார். எந்த இனத்தார் எந்த அரிசியை உண்கிறார்கள் என்று கணக்கெடுத்து, நோய் அரிசியைப் பின்தொடர்கிறது என்று 1907-ல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவர் செய்தது பாதி மானிடவியல். ஆனால் தேங்கிய பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று காரணம் சொன்னாரே, அது சரியல்ல. அதைத் திருத்துவதற்கு வேதியியல் வேண்டியிருந்தது.

இடையில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் செய்த சோதனை இருக்கிறது. 1905 டிசம்பரில் நோயாளிகள் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் சொல்லவைத்து, ஒற்றை எண்காரர்களை ஒரு பக்கத்துக் கூடத்திலும் இரட்டை எண்காரர்களை எதிர்ப்பக்கத்துக் கூடத்திலும் குடியமர்த்தினார். ஒரு சாராருக்குப் பழையபடி சயாம் அரிசி, மறு சாராருக்கு இந்தியப் புழுங்கல் அரிசி; மற்ற உணவெல்லாம் ஒன்றே. நோய் பரவியது சயாம் அரிசிக் கூடத்தில். அதன்பின் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் நம் மாநிலத்துத் துரியான் தீப்புஸ் காட்டுப்பகுதியில் சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து அதே வினாவை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக் குழுவில் நோய் தோன்றியது. அரிசியை இடம் மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. நஞ்சு இருப்பதால் அல்ல, தீட்டும்போது எதையோ இழப்பதால்தான் கேடு என்று 1909-க்குள் அவர்களுக்குத் தெளிவாகிவிட்டது. அந்த 'எதையோ', அதாவது தயமினை, ஜாவாவில் டச்சு ஆய்வாளர்களான யான்செனும் டோனாத்தும் படிகமாகப் பிரித்தெடுத்தது 1926-ல்தான்.

இப்போது உங்கள் விரிவுரையாளர்கள் இருவரும் சொன்னதை எண்ணிப் பாருங்கள். எந்தத் துறை தனியாக இதைத் தீர்த்தது? அவர்கள் போடும் வேலி அலுவலக வசதிக்கானது, பொருளுக்கானது அல்ல.

இன்றுவரை ஒழுங்காகக் கேட்கப்படாத கேள்விகளும் இருக்கின்றன. அந்த நோயாளிகளிடமும் ஜாவானியர்களிடமும் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. அவர்கள் அறிக்கைகளில் எண்களாக மட்டுமே இருக்கிறார்கள். தமிழர்களுக்குப் பெரிபெரி இல்லை என்று அதிகாரிகள் எழுதியபோது, அதே தமிழர்கள் புதிதாகக் காடழித்த தோட்டங்களில் மலேரியாவால் கொத்துக் கொத்தாக மாண்டுகொண்டிருந்தார்கள். ஆகவே 'நம் முன்னோர் அறிவால் தப்பினார்கள்' என்ற பெருமிதக் கட்டுரையாக மட்டும் இதை ஆக்கிவிடாதீர்கள், அப்படிப்பட்டவை வாட்ஸ்அப்பில் போதுமான அளவு உலவுகின்றன. ஊரில் புழுங்கல் உண்டு பழகியவர்கள் இங்கும் அதையே கேட்டார்கள். அதை இறக்குமதி செய்து விற்பது தோட்ட நிர்வாகத்துக்கும் கட்டுப்படியானது. யார் வரவழைத்தார்கள், யார் அளந்து கொடுத்தார்கள், சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று தொடங்குவது நல்லது.

கீழ்ப்பேராக் வாசகர்:

நான் தெலுங்கு வம்சாவளியைச் சேர்ந்தவன் என்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அன்றைய சென்னை மாகாணத்திலேயே, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் பெரிபெரி அரிது; பச்சரிசி உண்ட வட சர்க்கார் எனப்படும் ஆந்திரக் கடலோரப் பகுதியில் அது வேரூன்றியிருந்தது. இதைச் சத்துணவு ஆய்வாளரான மருத்துவர் மெக்காரிசன் 1920-களிலேயே ஆராய்ந்திருக்கிறார். அந்தக் கடலோரத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோர், தமிழர்களோடு ஒரே கடையில் ஒரே அரிசியை வாங்க நேர்ந்தபோது என்ன ஆயிற்று? தமிழர்களையும் சீனர்களையும் ஒப்பிடுவதைவிட இந்த ஒப்பீடு உங்களுக்கு மேலும் கூர்மையான விடையைத் தரும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வேலை, குடியிருப்பு, நிர்வாகம் எல்லாம் ஒன்றாக இருந்து அரிசிப் பழக்கம் மட்டும் வேறாக இருந்திருக்கும்.

பகாவ் மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. தோட்டத்து அரிசி எங்கிருந்து வந்தது, எப்போது மாறியது, மாறியபோது உடம்பில் என்ன நேர்ந்தது என்பதை 1900 முதல் 1945 வரை நெகிரி செம்பிலானை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராயலாம் என்று இப்போது நினைக்கிறேன். தெலுங்குக் குடும்பங்களைப் பற்றிய ஒப்பீட்டைத் தனி அத்தியாயமாக வைக்க முடியுமா என்று பார்க்கிறேன். வாய்மொழிப் பேட்டிகளை எப்படி நடத்துவது? அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் தொண்ணூறைத் தாண்டியவர்கள்.

வரலாற்று ஆசிரியர், சிரம்பான்:

எல்லை இப்போது சரியாக இருக்கிறது. வரலாற்றுத் துறையில் பதிவு செய்துகொண்டு, சத்துணவியலிலிருந்து ஒருவரை இணை மேற்பார்வையாளராகக் கேளுங்கள். எழுத்துப் பதிவுகளுக்குக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் நம் மாநிலச் செயலகக் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள்.

பேட்டியில் பெரிபெரி என்ற சொல்லை நீங்கள் முதலில் உச்சரிக்கவே கூடாது. சொன்னால், எல்லா வீக்கமும் பெரிபெரியாகிவிடும். அடுப்பிலிருந்து தொடங்குங்கள்: எந்த அரிசி, எத்தனை முறை களைந்தார்கள், கஞ்சியை வடித்துக் கொட்டினார்களா குடித்தார்களா, காலையில் பழைய சோற்று நீர் உண்டா. நீரில் கரையும் சத்து என்பதால் இந்தச் சிறு விவரங்கள்தான் உங்கள் வேதியியல் அத்தியாயத்துக்கு உயிர். பிறகு டிரசர் ஐயா சொன்ன குறிகளை ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

மற்றொன்று, பல்கலைக்கழக நெறிக்குழுவின் அனுமதி வருவதற்கு முன் எடுக்கும் பேட்டியைப் பின்னர் தரவாகப் பயன்படுத்துவது கடினம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்வதற்கும் அதே விண்ணப்பத்தில் அனுமதி கேளுங்கள். வயதைக் காரணம் காட்டி விரைவான பரிசீலனை கோரலாம். அதுவரை முதியவர்களிடம் தாராளமாகப் பேசிப் பழகுங்கள். பதிவுக் கருவியை மட்டும் வெளியே எடுக்க வேண்டாம்.